மழை ஈரத்தில் பறவைகளுக்காக விதைப்பது எப்படி?

ஒரு முஸ்லிம் நடும் மரத்திலிருந்தோ விதைக்கும் பயிரிலிருந்தோ மனிதரும் பறவையும் கால்நடையும் உண்பது அவருக்கு ஸதகா ஆகும் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அனஸ் (ரலி) அறிவிக்கும் இச்செய்தி புகாரி, முஸ்லிம் இரண்டிலும் பதிவாகியுள்ளது.

இந்த நன்மையை நாடி, மழைக்காலத்தில் கொல்லையிலோ மையவாடி ஓரத்திலோ பறவைகளுக்காகச் சிறுதானியம் விதைக்கலாம். ஆனால் மழை விட்ட மறுநாளே சேற்றில் இறங்கினால் விதையும் வீண், மண்ணும் வீண்.

பதம் பார்த்தல்

ஈர மண்ணை மிதித்தாலும் உழுதாலும் அது இறுகிவிடும். காய்ந்ததும் கட்டி கட்டியாகி, வேர் இறங்க வழியிருக்காது. நீர் தேங்கிய மண்ணில் காற்று இல்லாததால் விதை முளைக்காமல் அழுகும்.

நான்கு விரல் ஆழத்தில் ஒரு பிடி மண் எடுத்து உருண்டை பிடியுங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் பொலபொலவென உதிர வேண்டும். நசுங்கிக் கையில் ஒட்டினால் இன்னும் பொறுங்கள். செம்மண் சீக்கிரம் வடியும். களிமண்ணுக்குக் கூடுதல் நாட்கள் ஆகும். காத்திருக்கும் நாட்களில் வடிகால் வெட்டி, தேங்கிய நீரை வெளியேற்றலாம்.

எதை விதைக்கலாம்?

ஈரம் நிற்கும் இடத்துக்குக் குதிரைவாலி ஏற்றது. சிறுதானியங்களில் நீர்த்தேக்கத்தைத் தாங்கக்கூடியது. கம்பு, உளுந்து, தட்டைப்பயறு ஆகியவை தேங்கும் நீரில் தாக்குப்பிடிக்காது. அவற்றை மேட்டுப்பாத்தியில் மட்டும் விதையுங்கள். கொள்ளை மழை ஓய்ந்து ஈரம் குறையும்போது விதைப்பது நல்லது.

குதிரைவாலி விதை மிகச் சிறியது. மணலுடன் கலந்து தூவி, முள் கிளையை மேலே லேசாக இழுத்து மூடினால் போதும். மருந்து பூசிய வண்ண விதைகளைப் பயன்படுத்தாதீர்கள். அவற்றைக் கொத்தும் பறவை சாகலாம்.

மரம் நட விரும்புவோருக்கு நாவல், அத்தி, புங்கன், நீர்மருது ஆகியவை ஈர நிலத்துக்கு ஒத்துவரும். நாவலும் அத்தியும் பறவைகளுக்குப் பழம் தரும். வேம்பு நீர் தேங்கும் இடத்தில் தங்காது. குழியில் தண்ணீர் நின்றால், பக்கத்தில் மண் மேடு அமைத்து அதன் மீது கன்றை நடுங்கள்.

எங்கே விதைக்கக் கூடாது?

பாலக்கோடு காட்டோரப் பகுதி. கிருஷ்ணகிரி, தருமபுரி மாவட்டக் காடுகளை உள்ளடக்கிய காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்டது. யானைகள் இரவில் காட்டை விட்டு வயல்களுக்கு வருவது இங்கு புதிதல்ல. 2023 மார்ச்சில் மாரண்டஅள்ளி அருகே சட்டவிரோத மின்வேலியில் சிக்கி மூன்று யானைகள் இறந்தன. உடன் வந்த இரண்டு குட்டிகள் உயிர் தப்பின.

எனவே காட்டோர ஊர்களில் வனவிலங்குகளுக்கு உணவு என்று எண்ணி கேழ்வரகு, கரும்பு, வாழை, பலா எதையும் வைக்காதீர்கள். அது யானையை ஊருக்குள் அழைப்பதாகும். அதனால் அண்டை வீட்டாரின் பயிருக்கும் உயிருக்கும் ஆபத்து, யானைக்கும் ஆபத்து. பிறருக்குத் தீங்கு செய்யக் கூடாது என்ற மார்க்கத்தின் நெறி இங்கும் பொருந்தும். காப்புக்காட்டுக்குள் விதை தூவ வேண்டுமானால் வனத்துறையின் அனுமதி பெற்று, அவர்கள் காட்டும் இடத்தில் மட்டுமே செய்ய வேண்டும்.

பறவைகளுக்கான விதைப்புக்கு ஊருக்குள் இருக்கும் இடமே போதும்: வீட்டுக் கொல்லை, பள்ளிவாசல் வளாகம், மத்ரஸா முற்றம், மையவாடியின் காலி ஓரம். பொது இடமானால் ஜமாஅத்தாரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். கதிர் முற்றியதும் அறுக்காமல் விட்டுவிடுங்கள். சிட்டுக்குருவியும் புறாவும் தாமே வந்து உண்ணும். பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு செய்தால், ஸதகா என்பது பணம் மட்டுமல்ல என்பதை அவர்கள் கண்ணால் கண்டு கற்பார்கள், இன்ஷா அல்லாஹ்.