காசு கொடுத்து வாங்கிய பாட்டை வகுப்பில் போடலாமா?



2017இல் இளையராஜா தரப்பிலிருந்து எஸ்.பி.பி.க்கு வக்கீல் நோட்டீஸ் போன செய்தி வந்ததிலிருந்து, ஹட்டன், நுவரெலியாப் பக்க ஆசிரியர்கள் சிலருக்கும் ஒரு பயம். “டவுன்லோட் பண்ணிய பாட்டுக்குக் காசு கட்டியாச்சே, பாடத்துக்குப் போட்டால் குற்றமா?”

பதிலுக்குக் கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். வெள்ளைக்காரன் காலத்தில் இங்கே இருந்தது 1911ஆம் ஆண்டின் பிரித்தானியப் பதிப்புரிமைச் சட்டம். நமக்கென்று ஒன்று 1979இல்தான் வந்தது. அதையும் மாற்றி வந்ததே இன்றுள்ள 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டம். அதன் 11ஆம் பிரிவு “நியாயமான பயன்பாடு” பற்றியது. கற்பித்தலையும், வகுப்புக்காக எடுக்கும் பல பிரதிகளையும் அது பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. வேடிக்கை என்னவென்றால், இந்த வாசகம் பிரித்தானியச் சொத்து அல்ல; அமெரிக்காவின் 1976ஆம் ஆண்டுச் சட்டத்தை ஒட்டியது.

ஆனாலும் கண்ணை மூடிக்கொண்டு அனுமதி இல்லை. நோக்கம் என்ன, எப்படிப்பட்ட படைப்பு, எவ்வளவு எடுத்தோம், விற்பனை பாதிக்குமா என்று நான்கையும் பார்ப்பார்கள். தாளம் விளக்க ஒரு பகுதியைப் போடுவதில் பயப்பட ஒன்றுமில்லை என்பதே நம் வாசிப்பு. முழு அல்பத்தையும் பென்டிரைவில் ஏற்றிப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது வேறு கதை. நாம் காசு கொடுத்தது கேட்பதற்கு. உரிமை இன்னும் அவர்களிடம்தான். விளையாட்டுப் போட்டியில் ஸ்பீக்கர் கட்டிப் போடுவதைக் கற்பித்தல் என்று சொல்லித் தப்பவும் முடியாது.

இதே சட்டத்தின் 24ஆம் பிரிவை நம்மவர்கள் அதிகம் பேசுவதில்லை. அது நாட்டார் கலைக்கானது. வியாபாரத்துக்கு எடுத்தால் அனுமதி வேண்டும். வரும் பணம் பண்பாட்டு வளர்ச்சிக்கு. நம் லயங்களின் தாலாட்டும் ஒப்பாரியும் இதற்குள் வருபவை. நடேசய்யரின் துணைவியார் மீனாட்சியம்மை தோட்டத்து மக்களுக்குப் பாடியவை அப்படியல்ல, அவர் தாமே எழுதியவை. மடக்கும்புரையில் பிறந்த சி.வி. வேலுப்பிள்ளை தொகுத்ததோ மக்களே கட்டிய பாடல்களை.

இன்று ஒருவர் பாட்டியம்மாவின் பாட்டை ஃபோனில் பதிந்து, கீபோர்ட் சேர்த்து விற்றால், அந்த ஒலிப்பதிவுக்கு 50 ஆண்டு உரிமை அவருக்கு. பாட்டு மட்டும் அவருடையது ஆகாது. பதியும்போது பாடியவரின் பெயரையும் தோட்டத்தின் பெயரையும் அவர் சம்மதத்தோடு எழுதி வைத்தால்தான் நாளை அதைக் காட்ட முடியும். இந்தத் தவணையிலேயே பிள்ளைகளிடம் ஒரு கொப்பியைக் கொடுத்துத் தொடங்கலாம்.