பதிவேடும் உறவுமுறையும்: ரேகைச் சட்டம் முதல் முகநூல் வரை

335. இந்த எண்ணிலிருந்து தொடங்கலாம். 2018 ஏப்ரலில் முகநூல் நிறுவனம் இந்தியாவைப் பற்றிச் சொன்ன கணக்கு இது. அலெக்சாண்டர் கோகன் என்ற கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர், ஆளுமைத் தேர்வு என்ற பெயரில் முகநூலில் ஒரு செயலியை உலவவிட்டிருந்தார். இந்தியாவில் அதைச் சேர்த்துக்கொண்டவர்கள் வெறும் 335 பேர். தகவல் வெளியே போயிருக்கக்கூடியவர்கள் என்று நிறுவனமே ஒப்புக்கொண்ட எண்ணிக்கையோ 5,62,455. உலக அளவில் 8.7 கோடி வரை. திரட்டியது, கேம்பிரிட்ஜ் அனலிட்டிகா என்கிற தேர்தல் வியாபார நிறுவனத்தின் கைக்குப் போனது.

மீதிப் பேர் என்ன செய்தார்கள்? ஒன்றும் செய்யவில்லை. செயலியைச் சேர்த்துக்கொண்ட யாரோ ஒருவருக்கு, உள்ளூரிலோ வெளிநாட்டிலோ, நண்பராக இருந்தார்கள். அவ்வளவுதான். அன்றைய விதிப்படி ஒருவர் அனுமதி கொடுத்தால் அவருடைய நண்பர்களின் பிறந்த நாள், ஊர், விருப்பக்குறிகள் எல்லாம் சேர்ந்தே போகும். 2014இல் அறிவித்து 2015இல்தான் இந்த வாசலை மூடினார்கள்.

'எங்கிட்ட மறைக்க என்னங்க இருக்கு?' என்று கேட்கும் தோழர்கள் உண்டு. அந்தரங்கம் என்றால் ரகசியம் என்று வைத்துக்கொண்டு கேட்கிற கேள்வி இது. ரகசியம் யாருக்கு வேண்டும்? கேம்பிரிட்ஜில் 2013இல் வெளியான ஓர் ஆய்வு, 58,000 பேர் முகநூலில் இட்ட விருப்பக்குறிகளை மட்டும் வைத்துக்கொண்டு அவர்களின் கட்சிச் சார்பையும் மதத்தையும் பாலியல் நாட்டத்தையும் கணித்துக் காட்டியது. வெளிப்படையாகப் போட்டதிலிருந்து சொல்லாததைக் கணிப்பது என்கிறபோது, மறைப்பதற்கு ஏதும் இல்லாதவனும் தப்ப முடியாது. கணக்கே தொடங்காதவனுக்கும் இதே கதிதான். முகநூலில் பதிவு செய்யாதவர்களின் தகவல்களையும் திரட்டுகிறோம் என்று 2018இல் அமெரிக்க நாடாளுமன்றக் குழுவின் முன் சக்கர்பெர்க் ஒப்புக்கொண்டார், பாதுகாப்புக்காகவாம்.

ஃபூக்கோவின் பேரைச் சொல்லிக் காவல் கோபுரத்தையே பேசிப் பழகிவிட்டோம் நாம். இங்கே கோபுரம் இல்லை. என் நண்பனின் கண்தான் கண்காணிப்பின் கண்.

ஆளை அவன் உறவை வைத்து அறிவது கலிபோர்னியாவில் கண்டுபிடித்த வித்தையும் அல்ல. 1871இல் வட இந்தியாவில் வந்த குற்றப் பழங்குடியினர் சட்டம், 1911இல் திருத்தி எழுதப்பட்டுச் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. குறவர், பிறமலைக் கள்ளர் என்று சாதி சாதியாக அறிவிக்கை போட்டார்கள். மதுரைப் பக்கம் அதற்கு 'ரேகைச் சட்டம்' என்றுதான் பேர். இவன் திருடினானா என்பதல்ல அந்தச் சட்டத்தின் கேள்வி. இன்னாருக்குப் பிறந்தவன், ஆகவே நாளைக்குத் திருடக்கூடியவன். நடந்த குற்றத்தை அல்ல, நடக்கப்போவதாகக் கணித்த குற்றத்தைத்தான் பதிவேட்டில் ஏற்றினார்கள். பேர், இருப்பிடம், பத்து விரல் ரேகை எல்லாம் ஏறும். ஊர் விட்டு ஊர் போனால் சொல்ல வேண்டும். ராத்திரியில் போலீஸ் கண்ணெதிரே போய்ப் படுக்க வேண்டும்.

1920 ஏப்ரல் 3 அன்று உசிலம்பட்டிக்குப் பக்கத்தில் பெருங்காமநல்லூரில், ரேகை வைக்க மாட்டோம் என்று மறுத்த மக்களைப் போலீஸ் சுட்டது. மாயக்காள் என்ற பெண் உட்படப் பத்துப் பேருக்கு மேல் செத்தார்கள். மாகாணத்தில் அந்தச் சட்டம் 1947இல்தான் ஒழிந்தது. பெருங்காமநல்லூரைச் சாதிப் பெருமையின் சின்னமாக மட்டும் சுருக்குகிறவர்கள் ஒன்றைத் தவறவிடுகிறார்கள். பதிவேடு அவர்களைக் கூட்டமாகப் பிடித்தது. அவர்களும் கூட்டமாக நின்றுதான் மறுத்தார்கள்.

சுதந்திர இந்தியாவின் நீதிமன்றத்துக்கு இந்தக் கூட்டம் கண்ணில் படவேயில்லை. உத்தரப் பிரதேசத்துக்காரர் கரக் சிங். 1941இல் கொள்ளை வழக்கில் பிடிபட்டு, சாட்சியம் இல்லை என்று விடப்பட்டவர். ஆனாலும் போலீஸ் அவர் பேரில் 'ஹிஸ்டரி ஷீட்' திறந்தது. நடுராத்திரியில் கதவைத் தட்டி எழுப்புவது, வீட்டைச் சுற்றி ஆள் நிறுத்துவது, போகுமிடமெல்லாம் பின்தொடர்வது என்று நடந்தது. 1962 டிசம்பரில் உச்சநீதிமன்றம் சொன்ன தீர்ப்பு விசித்திரமானது. ராத்திரியில் கதவைத் தட்டக்கூடாது. வெளியே நின்று பார்த்துக் குறித்துக்கொள்ளலாம்! அந்தரங்கம் என்பது அரசியல் சட்டம் தந்த உரிமையே அல்ல என்றது பெரும்பான்மை. பார்வைக்குள் வைக்கப்பட்டவன் சுதந்திரமாக நடமாடுகிறவன் அல்லன் என்று நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டு எழுதினார். இன்றைய சமூக ஊடகம் மொத்தமும் அந்தப் பெரும்பான்மைத் தீர்ப்பின்படி நடக்கிறது என்று சொல்லத் தோன்றுகிறது. யாரும் கதவைத் தட்டுவதில்லையே.

ஆதாரை எதிர்த்து ஓய்வுபெற்ற நீதிபதி புட்டசாமி தொடுத்த வழக்கில், கரக் சிங் தீர்ப்பைக் காட்டித்தான் ஒன்றிய அரசு வாதாடியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் அந்தப் பகுதியைத் தள்ளுபடி செய்து, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்றார்கள். நல்லது. பின்னே வந்த 2023ஆம் வருடத்துச் சட்டமோ தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக்கொள்ள அரசுக்கு வழி வைத்திருக்கிறது. தனிநபர் தகவலானாலும் பெரிய பொதுநலன் இருந்தால் தரலாம் என்று தகவல் உரிமைச் சட்டத்தின் 8(1)(ஜே) பிரிவில் இருந்த வாசகத்தையும் நீக்கியது. மற்றபடி அதன் அஸ்திவாரம் தனிமனிதச் சம்மதம்தான். அடுத்தவர் சம்மதத்தால் நான் மாட்டிக்கொள்ளும் கணக்கில் என் சம்மதம் எந்த மூலைக்கு? தண்ணீரைப் போல, காற்றைப் போல இதைக் கூட்டுப் பிரச்சினையாகப் பார்க்கும் சொல்லாடல் நம்மிடம் இன்னும் உருவாகவில்லை.

நம்மை விட்டுவிட்டு நிறுவனங்களை மட்டும் திட்டுவதும் நியாயமில்லை. ஒரு சாதி வன்முறைக்குப் பிறகு உண்மை அறியும் குழுவாக ஒரு கிராமத்துக்குப் போனோம். பாதிக்கப்பட்டவர்களின் தொலைபேசி எண்களையெல்லாம் வாங்கி, வசதிக்காக ஒரு அலைபேசிக் குழுவில் போட்டுவைத்தோம். வழக்கறிஞர், நிருபர், மாணவர் என்று ஆளுக்கு ஆள் சேர்ந்து, கடைசியில் உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்பது எங்களுக்கே தெரியாது. ரெண்டாவது வாரம் ஒரு அம்மா கூப்பிட்டார்.

"ஏம்ப்பா, எவனெவனோ பேசுறான். என் நம்பரை யார் யாருக்குக் குடுத்தீங்க?"

எங்களிடம் பட்டியல் இல்லை. ஆள் ஆளாகக் கேட்டுத்தான் எழுத வேண்டியிருந்தது. முடிந்த வரைக்கும் எழுதி அவரிடமே போய்க் கொடுத்தோம். வாசிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, ரெண்டு பேரை அடிக்கச் சொன்னார்.