பெயர் மறுக்கப்பட்ட மனிதர்களும் ஈழத்து எழுத்தும்

சங்க அகப்பாடல்களில் காதலர்களுக்குப் பெயர் கிடையாது. தலைவன், தலைவி, தோழி, செவிலி என்றே அவர்கள் வருவார்கள். ஒருவருடைய பெயரைச் சுட்டிக் கூறலாகாது என்பது அகத்திணைக்குத் தொல்காப்பியம் வகுத்த விதி. காதலும் பிரிவும் எல்லோருக்கும் பொதுவானவை என்பதால், பெயரை நீக்கிவிட்டு மனித இயல்பை மாத்திரம் பாடினார்கள். புறப்பாடல்களிலோ பாரியும் பேகனும் அதியமானும் பெயரோடு நிற்கிறார்கள். ஆனால் அங்கும் பெயரோடு நினைக்கப்பட்டவர்கள் பெரும்பாலும் மன்னர்களும் வள்ளல்களுமே. உழுதவனும் துடி கொட்டியவனும் தொழிலின் பெயரோடு நின்றுவிட்டார்கள்.

சாதாரண மனிதன் ஒருவன் தனக்கென ஒரு பெயரும் மனமும் கொண்டு தமிழ் இலக்கியத்தின் நடுவே வந்து நிற்பதற்கு, நாவலும் சிறுகதையும் தோன்ற வேண்டியிருந்தது. ஈழத்தில் இலங்கையர்கோன், சம்பந்தன், சி. வைத்திலிங்கம் ஆகியோர் 1930களில் சிறுகதைக்கு வித்திட்டார்கள். இலங்கையர்கோனின் 'வெள்ளிப் பாதசரம்' இன்றும் நினைக்கப்படும் கதை. வல்லிபுரக் கோயில் திருவிழாவுக்குச் சென்ற இளந்தம்பதியரிடையே, தொலைந்துபோன ஒரு பாதசரம் காரணமாக எழும் பிணக்கும் இணக்குமே அதன் பொருள். ஒரு கிராமத்துக் கணவன் மனைவியின் சிறிய ஊடலும் எழுதத் தகுந்தது என்பதை அக்கதை நிலைநாட்டியது.

எனினும் அன்றைய யாழ்ப்பாணச் சமூகத்தில் எல்லோரும் தனிமனிதர்களாகக் கொள்ளப்படவில்லை. ஒடுக்கப்பட்ட சாதியினர் கோயிலுக்குள்ளும் தேநீர்க் கடைக்குள்ளும் நுழைய முடியாது. பொதுக் கிணற்றில் தண்ணீர் அள்ள முடியாது. தம் பிள்ளைகளுக்கு விரும்பிய பெயரை வைக்கும் உரிமைகூட அவர்களுக்கு இருக்கவில்லை. கந்தசாமி என்றோ கந்தையா என்றோ பெயர் வைத்தாலும், ஊரார் வாயில் அது வெறும் கந்தனாகவே குறுகியது. வயது முதிர்ந்தவரையும் உயர்சாதிச் சிறுவன் ஒருமையில் அழைப்பான். ஒரு மனிதனின் தனித்துவத்தை மறுப்பதற்கு, அவனுடைய பெயரைச் சிதைப்பதைவிட எளிய வழி வேறில்லை. 1957ஆம் ஆண்டிலேயே சமூகக் குறைபாடுகள் ஒழிப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. ஆனால் சட்டப் புத்தகம் ஒருபுறமும் ஊர் வழக்கம் மறுபுறமுமாகவே நெடுங்காலம் இருந்தன.

இந்தப் பின்னணியில்தான் டொமினிக் ஜீவாவும் கே. டானியலும் எழுத வந்தார்கள். சிறு வயதிலேயே பாடசாலையை விட்டு யாழ்ப்பாண நகரில் சவரத் தொழில் செய்த ஜீவாவின் 'தண்ணீரும் கண்ணீரும்' தொகுதி, 1961ஆம் ஆண்டு சாகித்திய மண்டலப் பரிசைப் பெற்றது. 1966 ஆகஸ்டில் அவர் தொடங்கிய 'மல்லிகை' நாற்பதாண்டுகளுக்கு மேல் வெளிவந்தது. டானியலின் 'பஞ்சமர்' 1972இல் நூலாயிற்று. இவர்களுக்குத் துணையாக நின்றது, 1954இல் உருவான இலங்கை முற்போக்கு எழுத்தாளர் சங்கம். இவர்களுடைய பாத்திரங்கள் பேசிய பேச்சு மொழியைப் பண்டிதர்கள் சிலர் 'இழிசனர் வழக்கு' என்று பழித்தார்கள். மரபுப் போராட்டம் என அழைக்கப்படும் அந்த 1960களின் விவாதம், வெளிப்பார்வைக்கு மொழி பற்றியது. உள்ளே இருந்த கேள்வி வேறு: இந்த மனிதர்கள் தம் சொந்தக் குரலிலேயே இலக்கியத்தில் பேசலாமா என்பதே அது.

இதே காலப்பகுதியில் மற்றொரு பிளவும் நேர்ந்தது. ஜீவா, டானியல் ஆகியோருடன் இளமையில் ஒன்றாக இயங்கிய எஸ். பொன்னுத்துரை, முற்போக்கு அணியிலிருந்து விலகி 'நற்போக்கு' என்ற பதாகையை உயர்த்தினார். 1961இல் வெளிவந்த அவருடைய 'தீ' நாவல், பாலுணர்வை வெளிப்படையாகப் பேசியமைக்காகக் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது. அதற்குப் பின் வந்த 'சடங்கு' கொழும்பில் வேலை பார்க்கும் அரசாங்க எழுதுவினைஞர் ஒருவர் சில நாள் லீவில் யாழ்ப்பாணத்து வீட்டுக்கு வந்து, மனைவியோடு தனிமையில் இருக்க இயலாமல் திரும்பும் கதை. முற்போக்காளர் பார்வையில் இது தனிமனித நாட்டம், சமூகப் பொறுப்பற்றது. எஸ். பொ. பார்வையிலோ முற்போக்காளர் எழுதியவை மனிதர்களை வர்க்கத்தின் பிரதிநிதிகளாக்கும் கோஷங்கள். சமூகமா தனிமனிதனா என்று வாதம் பல ஆண்டுகள் நீண்டது.

இன்று அவ்விரு தரப்பு நூல்களையும் அருகருகே வைத்துப் படிப்பவருக்கு வேறொன்று புலப்படும். 'சடங்கு' எழுதுவினைஞரின் ஏக்கம் அவருடைய சொந்த ஏக்கம் மாத்திரமன்று. உத்தியோகத்துக்காகக் கணவன் கொழும்பிலும் மனைவி யாழ்ப்பாணத்திலுமாக வாழ நேர்ந்த ஒரு முழுத் தலைமுறையின் பொருளாதாரம் அதற்குள் இருக்கிறது. டானியலின் 'கானல்' மதம் மாறினால் சாதி நீங்கும் என்று நம்பியவர்களின் கதை. அந்த நம்பிக்கை பொய்த்துப் போகும் வேதனையை, அதற்கு ஆளான மனிதர்களின் மனத்தைக் காட்டாமல் எழுதியிருக்க முடியாது. சமூகத்தை எழுதியவர் மனத்துக்குள் சென்றார். மனத்தை எழுதியவர் சமூகத்துக்கு வந்து சேர்ந்தார். கொள்கை விளக்கங்களில் எதிரெதிராக நின்றவர்கள், படைப்புகளில் ஒருவரையொருவர் நிரப்பினார்கள்.

இதை அன்றே உணர்ந்தவர்களில் முக்கியமானவர் புங்குடுதீவைச் சேர்ந்த ஆசிரியர் மு. தளையசிங்கம். 'ஏழாண்டு இலக்கிய வளர்ச்சி' என்ற விமர்சனத்தில் முற்போக்கு அணியின் பங்களிப்பை மதிப்பிட்ட அவர், மனிதனைப் பொருளாதாரப் பிராணியாக மாத்திரம் காண்பது போதாது என்றும் வாதிட்டார். ஆன்மிகம் பேசியவர் என்று அவரை ஒதுக்கியவர்களும் உண்டு. ஆனால் ஒடுக்கப்பட்ட மக்கள் நன்னீர்க் கிணற்றில் தண்ணீர் அள்ளும் உரிமைக்காக 1971இல் தம் ஊரிலேயே சத்தியாக்கிரகம் நடத்தி, பொலிஸாரின் தாக்குதலுக்கும் சிறைக்கும் ஆளானவர் அவர். 1973இல், நாற்பது வயதை எட்டுமுன்னரே காலமானார். உள்ளொளி பேசிய எழுத்தாளரும் வர்க்கம் பேசிய எழுத்தாளரும் ஒரே பிரச்சினைக்காக, ஒரு கிணற்றின் தண்ணீருக்காக, நின்றார்கள் என்பதை நமது இலக்கிய வரலாறுகள் போதிய அளவு அழுத்திச் சொல்லவில்லை.

பின்னர் வந்த யுத்த காலத்தில் இக்கேள்வி உயிர்ப் பிரச்சினையாயிற்று. இம்முறை தனிமனிதனை விழுங்க வந்தது சாதியன்று. விடுதலையின் பெயரால் எழுந்த அமைப்புகள். இயக்கத்தில் சேர்ந்தவர்கள் சொந்தப் பெயரைத் துறந்து வேறு பெயர் பூண்டார்கள். கேள்வி கேட்டவர் துரோகி ஆனார். ஓர் இயக்கத்தின் உட்கொலைகளை அம்பலப்படுத்திய 'புதியதோர் உலகம்' நாவல், 1985இல் கோவிந்தன் என்ற புனைபெயரில் வெளிவந்தது. எல்லாத் தரப்பின் வன்முறையையும் பதிவு செய்ய முனைந்த யாழ். பல்கலைக்கழக விரிவுரையாளர் ராஜினி திராணகம, 1989 செப்டெம்பரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அதே பல்கலைக்கழகத்தில் பயின்ற கவிஞர் சிவரமணி, 1991 மே மாதத்தில் தம் கவிதைகளைத் தீயிட்டபின் தம்முயிரையும் மாய்த்துக் கொண்டார். எஞ்சிய கவிதைகள், கூட்டமாகச் சிந்திக்கப் பணிக்கப்பட்ட காலத்தில் தனியே சிந்திக்க முயன்ற ஒரு மனத்தின் சாட்சியமாக இருக்கின்றன.

பத்திரிகைத் தொழிலில் நெடுங்காலம் இருந்தவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டும். யுத்த காலச் செய்திகளில் இறந்தவர்கள் எண்ணிக்கையாகவே வந்தார்கள். இத்தனை பேர் பலி, இத்தனை பேர் காயம் என்று தலைப்பிட்டோம். செய்தியின் இயல்பு அது; நாள் முடிவதற்குள் பக்கம் அச்சுக்குப் போக வேண்டும். அந்த எண்ணிக்கைக்குள் இருந்தவர்களுக்குப் பெயரைத் திருப்பிக் கொடுப்பது இலக்கியத்தின் வேலை. தம் பிள்ளையின் படத்தையும் பெயரையும் கையில் ஏந்தி 2017 முதல் வீதியோரங்களில் அமர்ந்த காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் கேட்டதும் அடிப்படையில் அதையே. யுத்தம் 2009இல் முடிந்தது. அந்தக் கோரிக்கைக்கு இன்னும் பதில் இல்லை.

புலம்பெயர்ந்த நாடுகளில் ஈழத்து இலக்கியம் பேசும் இளைய தலைமுறையினர், ஓர் எழுத்தாளரின் பெயரைக் கேட்டதும் அவர் எந்த அணி என்று விசாரிப்பதைக் காண்கிறோம். டானியல் 1986இலும், எஸ். பொ. 2014இலும், ஜீவா 2021இலும் மறைந்துவிட்டார்கள். அவர்களைப் பிரித்த சண்டையை நாம் சுமக்க வேண்டியதில்லை. பெயர் மறுக்கப்பட்ட மனிதர்களைப் பெயரோடும் மனத்தோடும் எழுதியவர்களை, அணியின் பெயரால் மாத்திரம் அழைப்பது நியாயமாகாது. அவர்களுடைய நூல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் படியுங்கள். யார் முற்போக்கு, யார் நற்போக்கு என்ற கேள்வியைப் படித்து முடித்த பின்னர் கேட்கலாம்.