மூன்று கல் அடுப்பும் ஒரு குவளைக் காப்பியும்

கிருஷ்ணகிரியிலிருந்து ஊத்தங்கரை செல்லும் சாலையில் இருக்கிறது மத்தூர். சில ஆண்டுகளுக்கு முன், அவ்வூருக்கு அப்பால் ஒரு பாறைக் குன்றின் அடிவாரத்தில் இளைஞர் சிலருடன் ஓர் இரவு தங்கினேன். விடியற்காலையில் மூன்று கல்லைக் கூட்டி அடுப்பு மூட்டினார்கள். தண்ணீர், காப்பித்தூள், வெல்லம் எல்லாவற்றையும் ஒன்றாய்ப் போட்டு நெடுநேரம் கொதிக்க வைத்தார்கள். வாயில் வைக்க முடியாத கசப்பு, அடியெல்லாம் சேறு. ஆடு மேய்க்க வந்த பெரியவர் ஒருவர் இதைக் கண்டு சிரித்தார். இளமையில் சந்தைகளுக்கு மாட்டுவண்டி ஓட்டியவராம் அவர். "தூளப் போட்டுக் கொதிக்க வெச்சா கசப்புத்தான் மிஞ்சும், தம்பி. இப்படிக் குடுங்க" என்று பாத்திரத்தை வாங்கிக்கொண்டார்.

திறந்த வெளியில் காப்பி காய்ச்சுவது புதுமை அன்று. காப்பியின் வரலாறே பயணத்தின் வரலாறுதான். எத்தியோப்பிய மலைக்காடுகளில் பிறந்த இச்செடி, செங்கடலைத் தாண்டி ஏமன் நாட்டை அடைந்தது. 15ஆம் நூற்றாண்டில் அங்கிருந்த சூஃபி துறவியர், இரவு வேண்டுதலில் உறக்கம் வராதிருக்க அதைப் பருகினர். மெக்கா சென்று திரும்பிய பாபா புதன் என்னும் சூஃபி பெரியவர் ஏழு விதைகளை மறைத்துக் கொணர்ந்து, இன்றைய சிக்மகளூர் மாவட்டத்து மலையில் ஊன்றினார் என்பது மரபுச் செய்தி. அம்மலை இன்றும் அவர் பெயரையே தாங்கி நிற்கிறது.

நம் பக்கத்திற்குக் காப்பி வந்தது 1820களில். அப்போது சேலத்தில் கலெக்டராக இருந்த காக்பர்ன் என்பவர் ஏற்காட்டு மலையில் அதைப் பயிரிடச் செய்தார். மத்தூரும் அந்நாளில் சேலம் மாவட்டத்தைச் சேர்ந்ததே. 1965இல் தருமபுரி மாவட்டத்திலும், 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் அது இடம்பெற்றது. அதே நூற்றாண்டில் இலங்கை மலைகளில் காப்பித் தோட்டங்கள் பெருகின. அங்கே கூலி வேலைக்காகத் தமிழ் மக்கள் ஆயிரமாயிரமாய்க் கடல் கடந்து, மன்னார்க் கரையிலிருந்து காட்டு வழியே கால்நடையாய் மலைநாடு சென்றனர். மரத்தடியே அவர்களுக்குச் சத்திரம். மூன்று கல்லே அடுக்களை. பசியாலும் காலராவாலும் வழியிலேயே மாண்டவர் பலர். 1869இல் தோன்றிய இலைத்துரு நோய் அத்தோட்டங்களை அழித்தது. காப்பி இருந்த இடத்தில் தேயிலை வளர்ந்தது. நாம் அருந்தும் பானத்தின் பின்னால் இத்தகைய வழிநடையும் உண்டு என்பதை மறக்கலாகாது.

அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1861 முதல் 1865 வரை, வடபுலப் படைவீரர்கள் தங்கிய இடமெல்லாம் தகரக் குவளையில் காப்பி காய்ச்சினர். வடிகட்டியோ பித்தளைப் பில்டரோ அவர்களிடம் இல்லை. தூளை நேரே நீரில் இட்டுத் தெளிய வைத்துக் குடிக்கும் முறை அது. பெரியவர் செய்ததும் அதுவே.

முதலில் காய்ந்த விறகாகத் தேர்ந்தெடுத்தார். புகை மணம் ஏறாதபடி பாத்திரத்தை மூடினார். தண்ணீர் தளதளவெனக் கொதித்ததும் இறக்கி வைத்துச் சற்றுப் பொறுத்தார். ஒரு குவளைக்கு இரண்டு கரண்டித் தூள் வீதம் இட்டு, ஒருமுறை கிளறி, மறுபடி மூடினார். நான்கு நிமிடம் சென்றதும் கையளவு குளிர்ந்த நீரைத் தெளித்தார். மிதந்த தூளெல்லாம் அடியில் அமர்ந்தது. பிறகு பாத்திரத்தை ஆட்டாமல் மெல்லச் சாய்த்து வார்த்தார். பாலைத் தனியே காய்ச்சச் சொன்னார். வெல்லத்தோடு சேர்த்துக் கொதித்தால் பால் திரிந்துவிடும் அல்லவா?

இதில் அறிவியலும் உண்டு. காப்பியின் நல்ல சாறு இறங்குவதற்கு ஏறத்தாழ 90 முதல் 96 பாகை வெப்பம் போதும். தொடர்ந்து கொதித்தால் மணம் ஆவியோடு போய்விடும். கசப்பு மட்டுமே மிகுதியாய் இறங்கும். மலை உயர உயர நீர் குறைந்த வெப்பத்திலேயே கொதிக்கும். ஏற்காட்டில் அது ஏறத்தாழ 95 பாகை. சற்றுக் கொரகொரப்பாய் அரைத்த தூளே இம்முறைக்கு ஏற்றது. மாவாய் அரைத்தது எளிதில் அடங்காது.

காப்பி தயாராயிற்று. பெரியவர் தம் மூட்டையிலிருந்து நசுங்கிய குவளை ஒன்றை எடுத்துக்கொண்டு எட்டிப் போய் நின்றார், மேலிருந்து ஊற்றட்டும் என்பது போல. அவர் இளமையில் கண்ட கடைகளில் அவர் இனத்தாருக்குக் கொட்டாங்குச்சிதான். பிற்காலத்தில் தனிக் குவளை. காப்பி நம் ஊர்களுக்குள் வந்தபோது பாகுபாடும் அதனோடு கடைக்குள் புகுந்தது. நகரத்துக் காப்பிக் கடைகளில் சாதிப் பெயர்ப் பலகைகள் தொங்கின. 1957இல் சென்னையில் பெரியார் அதை எதிர்த்துப் போராட்டம் நடத்த வேண்டியிருந்தது. 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு தீண்டாமையை ஒழித்தது. ஆயினும் அதன் பின்னரும் தமிழகச் சிற்றூர்கள் பலவற்றில் இரட்டைக் குவளை இருந்தது. சட்டம் ஒரு நாளில் வரும்; கை பழகியது மாற எத்தனை தலைமுறை வேண்டும்!

இளைஞன் ஒருவன் எழுந்து போய், "தாத்தா, இங்கே உட்காருங்க" என்று அவர் கையைப் பற்றி அழைத்து வந்தான். எங்கள் குவளைகள் இருந்த அதே பாறையில் அவருடையதையும் வாங்கி வைத்தான். முதல் காப்பி அவருக்கே. அவர் சற்றுத் தயங்கி, பின் அமர்ந்து குடித்தார்.

நல்ல காப்பிக்கு வேண்டியவை காய்ந்த விறகும், கொதித்து அடங்கிய நீரும், தூள் அமரும்வரை காத்திருக்கும் பொறுமையும். அதைச் சுற்றி அமர்வோர் எல்லாருக்கும் ஒரே பாறையில் இடம் இருக்குமானால், அதுவே அதன் இனிமை. புறப்படுமுன் அடுப்பில் நீர் ஊற்றி நெருப்பை அணைத்தோம். கற்களைக் கலைக்கவில்லை, அடுத்து வருவோருக்கு உதவட்டும் என்று விட்டு வந்தோம்.