சேற்றின் சாட்சி

வாய்மொழியாக வந்த எங்கள் வரலாற்றை எழுதும்போதெல்லாம் "ஆவணம் எங்கே?" என்று கேட்கிறார்கள். எழுத்தே மறுக்கப்பட்டவர்களிடம் ஏடு கேட்கும் இவர்களுக்கு, கென்யாவின் நைவாஷா ஏரியைக் காட்ட விரும்புகிறோம்.

நைவாஷாவிலிருந்து ஆறு எதுவும் வெளியேறுவதில்லை. வரும் நீர் ஆவியாகும், கொஞ்சம் நிலத்துக்குள் கசியும். ஆகவே மழை பெருத்தால் ஏரி உயரும்; பொய்த்தால் தாழும், தண்ணீரில் உப்பும் ஏறும். உப்புக்கு ஏற்ப அதில் வாழும் நுண்பாசிகளும் பூச்சிப் புழுக்களும் மாறும். அவற்றின் எச்சங்கள் அடிச்சேற்றில் படிந்துகொண்டே வரும். அந்தச் சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அடுக்கடுக்காகப் படித்து, டிர்க் வெர்ஷூரனும் உடன் ஆய்வாளர்களும் 1,100 ஆண்டு மழை வரலாற்றை 2000இல் நேச்சர் இதழில் வெளியிட்டனர். சுமார் 1000 முதல் 1270 வரை வறட்சி. பிறகு 1850 வரை பொதுவாக நல்ல மழை. ஆனால் அதற்குள்ளேயே மூன்று நீண்ட வறட்சிகள்: 1390–1420, 1560–1625, 1760–1840. இருபதாம் நூற்றாண்டில் பதிவான எந்த வறட்சியையும்விடக் கடுமையானவை அவை.

கிழக்கு ஆப்பிரிக்க மக்கள் வழிவழியாகச் சொல்லிவந்த பஞ்சம், கலகம், இடப்பெயர்வுக் கதைகளுக்கு வரலாற்றாளர்கள் தலைமுறைகளை எண்ணிக் காலம் கணித்திருந்தார்கள். வெப்ஸ்டர் தொகுத்த நூல் 1979லேயே வந்துவிட்டது. அந்தக் கதைகளின் காலம் சேற்றின் வறண்ட அடுக்குகளோடு பெரிதும் பொருந்தியது. கிழவர்கள் சொன்னது முதலில்; சேறு சொன்னது 21 ஆண்டு கழித்து. (அந்தப் பகுதியில் மாடு மேய்த்த மாசாய் மக்களை 1904 ஒப்பந்தத்தின் பேரில் ஆங்கிலேயர் அகற்றி, நிலத்தை வெள்ளையருக்குக் கொடுத்தார்கள். அந்த ஒப்பந்தம் மட்டும் ஆவணம்!)

நம் ஏரிகள் நைவாஷா போன்றவை அல்ல. மடை உண்டு, கலிங்கு உண்டு. வண்டல் சேரும், தூர் வாருவார்கள். நீர் தாழ்ந்தால் மழை குறைந்ததா, மடை திறந்ததா என்று மட்டத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. சொல்லக்கூடியவர் நீர்கட்டி. பல ஊர்களில் எங்கள் மக்களே தலைமுறையாகச் செய்துவந்த வேலை அது. எந்த வருஷம் கலிங்கு எத்தனை நாள் வழிந்தது, எந்த வருஷம் நடு ஏரியில் மாடு மேய்ந்தது என்பது அவர்கள் நினைவில்தான் இருக்கிறது.

எங்கள் பகுதியில் வயதான நீர்கட்டிகள் சொல்வதைக் குறித்து வருகிறோம். ஆண்டு தெரியாத இடத்தில், மூத்த மகள் பிறந்த வருஷம், கரை உடைந்த வருஷம் என்றே எழுதிக்கொள்கிறோம்.