'பரையா': இந்தச் சொல்லின் பகுதி எது?

போன வாரம் நல்லூர் மாலை வகுப்புக்கு ஒரு தங்கை ஆங்கிலச் சொற்பட்டியல் ஒன்றை எழுதி எடுத்து வந்தாள். பதினோராம் வகுப்பு படிக்கிறாள். சொல், பொருள், வேர்ச்சொல் என்று மூன்று கட்டம். 'பரையா' என்ற சொல்லுக்கு நேரே 'ஒதுக்கப்பட்டவர், இழிந்தவர்' என்று இருந்தது. வேர்ச்சொல் கட்டத்தில் 'தமிழ்' என்று மட்டும் இருந்தது.

"அக்கா, இது நம்ம பேருதானே? இத நான் எப்படி மனப்பாடம் பண்றது?"

அவளுக்கான பதிலைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேர்ச்சொல் பாடம் நமக்குப் புதிதல்ல. தமிழ் வகுப்பில் பகுதி, விகுதி என்று பிரிக்கிறோமே, அதேதான். பறையர் = பறை + ய் + அர். பறை பகுதி, ய் உடம்படுமெய், அர் பலர்பால் விகுதி. பறை என்பது தோற்கருவி. 'பறைதல்' என்றால் சொல்லுதல். யாழ்ப்பாணத்துப் பேச்சிலும் மலையாளத்திலும் இன்றும் அந்தப் பொருள் உண்டு. புறநானூற்றின் 335ஆம் பாடல் துடியன், பாணன், கடம்பன் ஆகியோரோடு பறையனையும் சேர்த்து நான்கு குடிகளாகச் சொல்கிறது. அங்கே அந்தப் பெயரில் இழிவு இல்லை.

அப்படியானால் ஆங்கிலத்தில் இழிவு எப்படி வந்தது? 16ஆம் நூற்றாண்டில் இங்கு வந்த போர்த்துகீசியர் இந்தப் பெயரைக் கேட்டு எழுதிக்கொண்டார்கள். 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அது ஆங்கில நூல்களுக்குள் போனது. முதலில் அது ஒரு சாதியின் பெயர்தான். பிறகு எல்லாத் தீண்டப்படாதவர்களுக்கும் பொதுப்பெயர் ஆனது. அதன்பின் தெருநாய்க்கு 'பரையா நாய்', பருந்துக்கு 'பரையா பருந்து' என்றார்கள். 19ஆம் நூற்றாண்டில், சமூகம் தள்ளிவைத்த எவரையும் குறிக்கும் உருவகமாக அது மாறியது. பிரெஞ்சிலும் ஜெர்மனிலும் நாடகங்களும் கவிதைகளும் இதே தலைப்பில் வந்தன.

ஆங்கில இலக்கியப் பாடத்தில் 'டெட் மெட்டஃபர்' என்று ஒரு சொல் வரும். புழங்கிப் புழங்கித் தன் மூலத்தையே மறந்துபோன உருவகம் அது. மேக்ஸ் வேபர் யூதர்களை 'பரையா மக்கள்' என்றார். 2019இல் ஜோ பைடன் சவுதி அரேபியாவை இந்தச் சொல்லால் குறித்தார். ஒரு மக்களின் பெயரைத் திட்டுவதற்கு எடுக்கிறோம் என்ற எண்ணம் பேசுபவருக்கு வருவதில்லை. உருவகம் செத்துவிட்டது, மக்கள் உயிரோடு இருக்கிறோம். சமூகவியல் முதுகலையில் வேபரைப் படித்தபோது நானும் இந்தச் சொல்லை அடிக்கோடிட்டுவிட்டுப் பக்கத்தைத் திருப்பியவள்தான். தங்கை கேட்ட கேள்வியை நான் அன்று கேட்கவில்லை.

இன்னொரு சொல்லைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நம் விருத்தாசலம் பீங்கான் தொழிலுக்குப் பேர்போன ஊர். 'செராமிக்' என்ற பலகையைப் பார்க்காமல் இங்கே யாரும் வளர்ந்திருக்க முடியாது. அதன் வேர் 'கெராமோஸ்' என்ற கிரேக்கச் சொல். குயவர் கையிலிருக்கும் மண்ணைக் குறிப்பது. ஏதென்ஸில் குயவர்கள் வாழ்ந்த பகுதிக்கே அதை ஒட்டித்தான் பெயர். மண்ணின் பெயர் ஒரு தொழில்நுட்பத்தின் பெயராக உயர்ந்தது. தோலின் பெயர் வசையாகத் தாழ்ந்தது. இரண்டும் உழைப்பிலிருந்து பிறந்த சொற்களே. வித்தியாசம் இலக்கணத்தில் இல்லை, சாதியில் இருக்கிறது.

நம் முன்னோர் இதை நன்றாக அறிந்திருந்தார்கள். 1893இல் இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' என்றே பத்திரிகைக்குப் பெயர் வைத்தார். எந்தப் பெயரைச் சொல்லி ஏசினார்களோ அதையே அச்சில் ஏற்றி உரிமை கேட்டார். அயோத்திதாசப் பண்டிதர் வேறு வழியில் போனார். அது நம்மேல் சுமத்தப்பட்ட பெயர், நாம் பூர்வ பௌத்தர்கள் என்றார்; 1907இல் தொடங்கிய 'ஒரு பைசாத் தமிழன்' இதழில் சொல் சொல்லாகப் பிரித்து வாதிட்டார். எம்.சி. ராஜா சென்னைச் சட்டமன்றத்தில் போராடியதால், 1922இல் அரசு ஆவணங்களில் அந்தப் பெயருக்குப் பதிலாக 'ஆதிதிராவிடர்' வந்தது. மூவருக்கும் வழி வேறு. ஆனால் நம் பெயருக்குப் பொருள் சொல்லும் உரிமையைப் பிறரிடம் விடக்கூடாது என்பதில் மூவரும் ஒன்று.

'தலித்' என்ற சொல்லும் அப்படித்தான் வந்தது. உடைக்கப்பட்டவர், நசுக்கப்பட்டவர் என்று பொருள். 1972இல் பம்பாயில் தலித் பேந்தர்ஸ் அதை அமைப்பின் பெயராக்கியது. 'பரையா' நம்மை இழிந்தவர் என்றது. 'தலித்' நம்மை யாரோ உடைத்தார்கள் என்கிறது. உடைத்தவன் யார் என்ற கேள்வி அந்தச் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது.

ஆகவே தங்கையிடம் சொன்னேன்: ஆங்கிலத்தை விடாதே, அந்தச் சொல்லையும் விடாதே. தேர்வில் கேட்டால் அவர்கள் கேட்கும் பொருளை எழுது, மதிப்பெண் உன் உரிமை. ஆனால் உன் நோட்டில் வேர்ச்சொல் கட்டத்தை நீயே நிரப்பு.

அவள் 'தமிழ்' என்பதை அடித்துவிட்டு எழுதினாள்: "பறை. சொல்லுவது."

உங்கள் பட்டியலிலும் இப்படி ஒரு சொல் இருக்கும். எடுத்துப் பிரித்துப் பாருங்கள், தோழர்களே.

ஜெய்பீம்!