நிபந்தனையோடு வந்த எல்லை: வீராம்பட்டினக் குழாய்நீரும் 600 என்ற எண்ணும்

புதுச்சேரிக் கடலோர நீரின் தரம் குறித்த ஆய்வுகளில் ஒரு வழக்கம் வேரூன்றியிருக்கிறது. மொத்தக் கடினத்தன்மை, அதாவது நீரில் கரைந்துள்ள கால்சியத்தையும் மக்னீசியத்தையும் கால்சியம் கார்பனேட்டுக்கு ஈடாக்கிக் கூறும் அளவு, லிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டினால் அந்நீர் ‘மிகக் கடின நீர்’ என வகைப்படுத்தப்படுகிறது. அதே நீர் 600 மில்லிகிராமுக்குள் நிற்குமானால் அடுத்த அட்டவணையில் ‘குடிக்க ஏற்றது’ என்றும் குறிக்கப்படுகிறது. இந்த இரண்டாவது முடிவு இந்தியத் தர அமைவனத்தின் குடிநீர்த் தரநிலையைச் (ஐ.எஸ். 10500) சான்றாகக் கொண்டு நிற்கிறது. அச்சான்று அம்முடிவைத் தாங்காது என்பதும், வீராம்பட்டினம் போன்ற புறநகர்க் கடலோரக் குடியிருப்புகளில் இப்பிழையின் விளைவு சிறியதன்று என்பதும் இக்கட்டுரையின் வாதம்.

தரநிலையின் 2012ஆம் ஆண்டுத் திருத்தப் பதிப்பு மொத்தக் கடினத்தன்மைக்கு இரண்டு எண்களைத் தருகிறது. முதற்பத்தியில் உள்ள 200, ஏற்கத்தக்க எல்லை. அடுத்த பத்தியில் உள்ள 600, மாற்று நீர்வளம் இல்லாதவிடத்து மட்டும் அனுமதிக்கப்படும் எல்லை. முதல் எல்லையையே நடைமுறைப்படுத்த வேண்டும் என்று பரிந்துரைக்கும் அட்டவணைக் குறிப்பு, அதைத் தாண்டிய நீர் தகுதியற்றதே என்றும், வேறு வழியில்லாத நிலையில் இரண்டாம் எல்லை வரை பொறுத்துக்கொள்ளலாம் என்றும், அதையும் மீறினால் அந்நீர்வளத்தைக் கைவிட வேண்டும் என்றும் தெளிவுபடுத்துகிறது. எனவே 600 என்பது நீரின் தரத்தை மட்டும் பேசும் எண் அன்று. அந்நீரை நம்பியிருப்போருக்கு வேறு நீர் கிடைக்கிறதா என்ற கேள்விக்கு ‘இல்லை’ என்ற விடை கிடைத்த பின்னரே உயிர்பெறும் எண். அக்கேள்வியைக் கேளாமலே ஆய்வாளர் அவ்வெண்ணைக் கையாளும்போது, நிறுவப்பட வேண்டிய நிபந்தனை நிறைவேறியதாகவே கொள்ளப்பட்டுவிடுகிறது.

தரநிலையின் வரலாறும் இவ்வாசிப்புக்குத் துணைநிற்கிறது. 1991ஆம் ஆண்டுப் பதிப்பில் முதல் எல்லை 300 ஆக இருந்தது. 2012இல் அது 200 ஆகக் குறைக்கப்பட, இரண்டாம் எல்லை மட்டும் 600 ஆகவே விடப்பட்டது. தர இலக்கு இறுக்கப்பட்டும் விதிவிலக்கின் உச்சம் அசையவில்லை என்பதால், இரு பத்திகளும் ஒரே அளவுகோலின் இரு கோடுகள் அல்ல என்று கொள்வதே பொருத்தம். தனிமங்களின் எல்லைகளையும் சேர்த்துப் பார்த்தால் சிக்கல் இன்னும் துலங்கும். கால்சியத்துக்கு 200, மக்னீசியத்துக்கு 100 என்ற இரண்டாம் எல்லைகளை ஒரே நீர் தொடுமாயின், அதன் மொத்தக் கடினத்தன்மை ஏறத்தாழ 910 மில்லிகிராமாகிவிடும். முதற்பத்தியிலும் கால்சியம் 75, மக்னீசியம் 30 என்பவை சேர்ந்து ஏறத்தாழ 310 ஆகி, 200ஐத் தாண்டுகின்றன. ஆகவே இவ்வட்டவணையின் எந்த ஒரு வரிசையையும் தனியே பிரித்தெடுத்துத் தீர்ப்பெழுதுவது தகாது.

வீராம்பட்டினத்துக்கு அந்த நிபந்தனை பொருந்துமா? வங்கக் கடலுக்கும் அரியாங்குப்பம் ஆற்றுக்கும் இடைப்பட்ட இந்நிலத்தில் ஆழம் குறைந்த கிணறும் ஆழ்துளைக் கிணறும் உவர்நீருக்கு அருகிலேயே நிற்கின்றன என்பது உண்மை. ஆனால் காலடி நீர் உவர்த்தால் உள்நாட்டு நீரைக் கொண்டுவருவது புதுச்சேரிக்குப் புதிதன்று. மூன்றாம் நெப்போலியன் காலத்தில் முத்தரையர்பாளையத்திலிருந்து நகருக்கு நீர் கொண்டுவரப்பட்டதை ஆயி மண்டபம் இன்றும் நினைவூட்டுகிறது. நகருக்கு அப்போதே மாற்று நீர்வளம் தேடப்பட்டிருக்க, அதே நகரின் புறத்தே உள்ள மீனவர் குடியிருப்புக்கு அது இல்லை என்று ஆராயாமலே கொள்வது நிலவியல் முடிவு ஆகாது. அது நிர்வாகத்தின் இயலாமையை நீரின் இயல்பாகப் பதிவு செய்வதாகும்.

கடினத்தன்மை முழுவதையும் கடல்நீர் ஊடுருவலின் கணக்கில் எழுதுவதும் எச்சரிக்கையோடு செய்யத்தக்கது. கடல்நீரின் வழக்கமான சேர்மானப்படி, நன்னீரில் நூற்றில் ஒரு பங்கு கடல்நீர் கலந்தால் குளோரைடு லிட்டருக்கு ஏறத்தாழ 190 மில்லிகிராமும் கடினத்தன்மை ஏறத்தாழ 63 மில்லிகிராமும் கூடும். களிமண்ணில் ஒட்டியுள்ள கால்சியத்தைக் கடல்நீரின் சோடியம் பெயர்த்து வெளியேற்றுவதால் இவ்விகிதம் மாறக்கூடும் எனினும், குளோரைடு உயராமல் கடினத்தன்மை மட்டும் உயர்ந்த நீருக்குக் கடலைக் காரணமாக்க இயலாது. மேலும், பல வீடுகளில் பொதுக் குழாய்நீரும் சொந்தப் போர் தண்ணீரும் ஒரே சம்ப்பில் கலந்து மேல்தொட்டிக்கு ஏறுவதால், சமையலறைக் குழாயில் எடுத்த மாதிரி நீரடுக்கின் சாட்சியாகாது.

கடினத்தன்மைக்கு உடல்நலம் சார்ந்த எல்லை எதையும் உலக சுகாதார நிறுவனம் விதிக்கவில்லை என்ற மறுப்பு எழலாம். அது சரியே, ஆனால் இங்குள்ள வழக்கு நோய் பற்றியதன்று, ஒரு சான்று எதைச் சொல்கிறது என்பது பற்றியது. வீட்டுக்கு வீடு ஆர்.ஓ. கருவி இருக்கக் கவலை எதற்கு என்பதும் வலுவற்ற வாதமே: அக்கருவி தரும் நீரைவிடக் கழிக்கும் நீர் பெரும்பாலும் மிகுதி, அந்தச் சுமையும் இறுதியில் அதே நிலத்தடி நீரின் மேல்தான் விழும். 20 லிட்டர் கேனை விலைக்கு வாங்கும் குடும்பமோ, மாற்று நீர் உண்டு என்பதையும் அதன் செலவு யார் தலையில் விழுகிறது என்பதையும் ஒருசேர மெய்ப்பிக்கிறது.

இனிவரும் ஆய்வுகள் கடினத்தன்மையை 200 என்ற எல்லையோடு ஒப்பிட்டே முடிவு கூற வேண்டும். 600ஐக் கையாள விரும்புவோர் மாற்று நீர்வளம் இல்லை என்பதை முதலில் நிறுவ வேண்டும். கால்சியம், மக்னீசியம், குளோரைடு ஆகியவற்றைத் தனித்தனியே தந்து, மாதிரி எடுத்த இடம் கிணறா, சம்ப்பா, குழாயா என்பதையும் குறிக்க வேண்டும். அதுவரை வீராம்பட்டினத்தில் 200க்கும் 600க்கும் இடைப்பட்ட நீரைக் ‘குடிக்க ஏற்றது’ என்று எழுதத் தரநிலையில் இடமில்லை.